காரில் பாட மறுக்கும் ஆர்டபிள்யூ சிடி: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கணினியில் போட்டால் கணீரென்று பாடுகிறது. அதே வட்டைக் காரில் செருகினால் நாலைந்து விநாடி கரகரவென்று எதையோ தேடிவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. அழித்து அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வாங்கியவர்களில் பலர் இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். நானும் நின்றேன். ஒரு நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு, ஒரே வட்டை நான்கு முறை அழித்து, நான்கு வேகங்களில் எழுதி, ஒவ்வொரு முறையும் காருக்கும் மேசைக்குமாக நடந்தேன். கடைசியில் வெறுத்துப்போய் ஒரு சாதாரண சிடி-ஆரில் அதே பாட்டுகளை எழுதினேன். செருகிய கையோடு பாடியது.

நோய் என்னவென்று பார்க்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த தவறு. பாட்டு வராததற்கு மூன்று இடங்களில்தான் காரணம் இருக்க முடியும். பிளேயரின் லேசர் கண்ணுக்கு வட்டு தெரியவில்லை. அல்லது வட்டில் எழுதிய விதம் பிளேயருக்குப் புரியவில்லை. அல்லது தெரிந்து, புரிந்து, பாடிக்கொண்டிருக்கும்போதே ஏதோ இடறுகிறது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அழித்து எழுதிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

## எதையும் அழிப்பதற்கு முன், மூன்று வட்டுச் சோதனை

பாடாத பிளேயரில் மூன்று வட்டுகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று, ஆலையில் அச்சாகி விற்பனைக்கு வந்த பாட்டு சிடி. இரண்டு, ஒருமுறை மட்டுமே எழுத முடிகிற சிடி-ஆர். மூன்று, தகராறு செய்யும் ஆர்டபிள்யூ. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பாட்டுகள், ஒரே மென்பொருள், ஒரே முறையில் எழுதியவையாக இருக்க வேண்டும். ஒன்றை ஆடியோ சிடியாகவும் இன்னொன்றை எம்பி3 கோப்புகளை அப்படியே ஏற்றிய எம்பி3 வட்டாகவும் எழுதிவிட்டு ஒப்பிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை.

மூன்றுமே பாடாவிட்டால் வட்டை விட்டுவிட்டு பிளேயரைக் கவனியுங்கள். அச்சு வட்டு மட்டும் பாடி மற்ற இரண்டும் மறுத்தால், முதல் சந்தேகம் எழுதிய விதத்தின் மேல். அச்சு வட்டும் சிடி-ஆரும் பாடி ஆர்டபிள்யூ மட்டும் மறுத்தால், அது கண் விவகாரம். மூன்றும் பாடத் தொடங்கி வழியில் குதித்தால் அழுக்கு, அதிர்வு, பேட்டரி என்று வேறு பக்கம் போக வேண்டும்.

ஒரு சிடி-ஆரைச் செலவழிக்க மனம் வராமல் பலர் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகிறார்கள். அந்த ஒரு வட்டு மிச்சப்படுத்தும் நேரத்தை நினைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "கணினியில் பாடுகிறதே" என்பது சாட்சியே ஆகாது. கணினியின் சிடி டிரைவ் இந்த வட்டுகளை எழுதவே பிறந்தது. மங்கலான வட்டு, மூடாத வட்டு, பாதி எழுதிய வட்டு என்று எதைக் கொடுத்தாலும் தட்டுத் தடுமாறிப் படித்துவிடும். கார் பிளேயரிடம் அந்தப் பொறுமை கிடையாது.

## அறிகுறி: அச்சு வட்டும் சிடி-ஆரும் பாடுகின்றன; ஆர்டபிள்யூ போட்டால் 'வட்டு இல்லை' என்கிறது

இதற்கு வட்டு எதனால் ஆனது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அச்சு வட்டின் அலுமினியப் பூச்சு, விழும் லேசர் ஒளியில் 70 சதவீதமோ அதற்கு மேலோ திருப்பி அனுப்பும். சிடி-ஆரில் சாயப் பூச்சுக்குப் பின்னால் உலோகப் படலம் இருப்பதால் அதுவும் ஏறக்குறைய அந்த அளவை எட்டிவிடும். ஆர்டபிள்யூ அப்படியில்லை. அதில் இருப்பது வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த ஒரு கலவை. லேசர் அதை ஓரிடத்தில் உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்து அந்த இடம் மங்கும். உருகாத அளவுக்கு மிதமாகச் சூடாக்கினால் மறுபடி படிகமாகித் தெளியும். அழித்து எழுத முடிவது இதனால்தான். இதற்குக் கொடுக்கும் விலை, திரும்பி வரும் ஒளி 15 முதல் 25 சதவீதம்தான். வட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும்: அச்சு வட்டு கண்ணாடிபோல மின்னும், ஆர்டபிள்யூ கருஞ்சாம்பலாக இருக்கும்.

பிளேயர் வட்டை வாங்கியதும் லென்ஸை மேலும் கீழும் அசைத்துக் குவியம் தேடும். குறிப்பிட்ட அளவு வெளிச்சம் திரும்பி வந்தால் வட்டு இருக்கிறது என்று முடிவு செய்யும். மங்கிய வெளிச்சத்தையும் பெருக்கிப் பார்க்கும் சுற்று உள்ளே இருந்தால் ஆர்டபிள்யூ தெரியும். இல்லையென்றால் அந்தப் பிளேயரைப் பொறுத்தவரை நீங்கள் எதையுமே செருகவில்லை. 'வட்டு இல்லை' என்று அது காட்டுவது பொய்யில்லை, அதன் கண்ணுக்குத் தெரிந்த உண்மை.

ஆடியோ சிடியின் இலக்கணம் 1980-இல் வகுக்கப்பட்டது. சோனியின் டி-50 என்ற முதல் கையடக்க சிடி பிளேயர் 1984-இல் வந்தது. ஆர்டபிள்யூ சந்தைக்கு வந்ததோ 1997-இல். ஆகவே அதற்கு முந்தைய காலத்துப் பிளேயரிடம் ஆர்டபிள்யூவைப் பாடச் சொல்வது நியாயமில்லை. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் பாடும் என்றும் சொல்ல முடியாது. செலவைக் குறைக்க அந்தச் சுற்றை விட்டுவிட்டவை நிறைய.

பிளேயரின் முகப்பையும் கையேட்டையும் பாருங்கள். 'சிடி-ஆர்/ஆர்டபிள்யூ' என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் நம்பிக்கை உண்டு. 'சிடி-ஆர்' மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் ஆர்டபிள்யூ என்று போட்டிருந்தும் மறுத்தால் மட்டும் கீழே உள்ளவற்றை முயலலாம். முதலில் வேறு நிறுவனத்தின் வெற்று ஆர்டபிள்யூ ஒன்றில் எழுதிப் பாருங்கள். 15-க்கும் 25-க்கும் நடுவே எந்த இடத்தில் அந்த வட்டு நிற்கிறது என்பது சில பிளேயர்களுக்கு வாழ்வா சாவா. அடுத்து வட்டை முழுமையாக அழித்து, வேறு வேகத்தில் எழுதுங்கள். மிகக் குறைந்த வேகம்தான் எப்போதும் நல்லது என்பது பழைய நம்பிக்கை. ஒவ்வொரு வட்டும் ஒரு வேக எல்லைக்காகச் செய்யப்பட்டது. அந்த எல்லையின் நடுவில் எழுதுவது பெரும்பாலும் சரியாக வரும். இரண்டு வட்டு, இரண்டு வேகம். அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிடுங்கள். எந்த மென்பொருளாலும் வட்டின் மினுமினுப்பைக் கூட்ட முடியாது. அந்தப் பிளேயருக்கு சிடி-ஆர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஆரம்ப கால டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் நிலைமை தலைகீழ்: ஆர்டபிள்யூ பாடும், சிடி-ஆர் பாடாது. அவற்றில் டிவிடிக்கான 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் மட்டுமே இருந்தது. சிடி-ஆரின் சாயம் 780 நானோமீட்டருக்காகச் செய்யப்பட்டது. சிவப்பு ஒளியில் அது கையை விரித்துவிடும். ஆர்டபிள்யூவின் கலவைக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. காரில் இருப்பது டிவிடியும் பாடும் பழைய பெட்டி என்றால் இதை நினைவில் வையுங்கள்.

அப்புறம், டிவிடி-ஆர்டபிள்யூவைத் தவறி எடுத்து எழுதிவிட்டு சிடி பிளேயரில் போடுகிறவர்களும் உண்டு. பார்க்க ஒரே அச்சு. சிடி மட்டும் படிக்கும் பிளேயரில் அது ஒருநாளும் பாடாது. வட்டின் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

## அறிகுறி: சிடி-ஆரில் எழுதினாலும் அதே எரர், கணினியில் மட்டும் எல்லாம் பாடுகிறது

இங்கே கண்ணில் பிரச்சினை இல்லை. வட்டு தெரிகிறது, அதில் இருப்பது புரியவில்லை. நான் பார்த்த கேஸ்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஆர்டபிள்யூவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது பாவம் ஒன்றும் செய்திருக்காது.

முதல் குற்றவாளி, கோப்புகளை இழுத்துப் போட்டு எழுதும் வசதி. விண்டோஸ் கணினியில் வெற்று வட்டைப் போட்டதும், இதை யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போலப் பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி/டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் வட்டு யூடிஎஃப் என்ற கோப்பு முறையில் வடிவமைக்கப்படும். பென் டிரைவ் மாதிரி போடலாம், எடுக்கலாம், வசதிதான். ஆர்டபிள்யூ வாங்கியவருக்கு இதுதான் இயல்பாகவும் தோன்றும். ஆனால் பெரும்பாலான கார் பிளேயர்களும் கையடக்கப் பிளேயர்களும் யூடிஎஃபைப் படிப்பதில்லை. அவை எதிர்பார்ப்பது ஒன்று ஆடியோ சிடி, இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 9660 என்ற கோப்பு முறையில் எழுதிய எம்பி3 வட்டு.

உங்கள் வட்டு எந்த வகை என்று தெரிய ஒரு சின்ன அடையாளம் உண்டு. கணினியில் வட்டின் பண்புகளைத் திறந்து கோப்பு முறை என்ன என்று பாருங்கள். யூடிஎஃப் என்று இருந்தால் குற்றவாளி சிக்கிவிட்டான். 700 எம்பி வட்டில் ஐந்நூற்றுச் சொச்சம் எம்பிதான் இடம் காட்டுகிறது என்றாலும் பழைய பாணி இழுத்துப் போடும் மென்பொருள் அதை வடிவமைத்திருக்கிறது என்று அர்த்தம். துண்டு துண்டாக எழுதுவதால் ஒவ்வொரு துண்டுக்கும் இணைப்பு இடம் வீணாகிறது. தீர்வு ஒன்றுதான்: பாட்டுகளைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, வட்டை முழுமையாக அழித்து, பதிவு மென்பொருளில் மறுபடி எழுதுவது.

இரண்டாவது, ஆடியோ சிடி மட்டுமே பாடும் பிளேயரில் எம்பி3 வட்டைப் போடுவது. முகப்பில் 'எம்பி3' என்று எழுதியிருக்காவிட்டால் அந்தப் பிளேயருக்கு ஆடியோ சிடிதான் வேண்டும். சில பிளேயர்கள் எம்பி3 வட்டைப் போட்டதும் ஒரே ஒரு பாட்டு இருப்பதாகக் காட்டி, நேரம் ஓட ஓட மௌனமாக இருக்கும். தரவுத் தடத்தை ஒரு பாட்டு என்று எண்ணி ஒலியை அடக்கிவிடுகிறது. நிமிடக்கணக்கில் ஓசையில்லாமல் ஓடுகிறதே என்று ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம்.

ஆடியோ சிடி எழுத, மென்பொருளில் 'ஆடியோ சிடி' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் மீடியா பிளேயர், இம்க்பர்ன், லினக்ஸில் கே3பி, பிரசெரோ என எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. எம்பி3 கோப்புகளைக் கொடுத்தால் போதும், அவற்றை 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஒலியாக விரித்து எழுதுவது மென்பொருளின் வேலை. விரிப்பதால் இடம் பிடிக்கும். ஆகவே 700 எம்பி வட்டில் 80 நிமிடம்தான். "128 கிலோபிட் எம்பி3 என்றால் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு கொள்ளும் வட்டில் வெறும் இருபது பாட்டா?" என்று கேட்டால், ஆம், ஆடியோ சிடி என்றால் அவ்வளவுதான். 90 நிமிட வட்டு, அளவுக்கு மேல் திணித்து எழுதுவது போன்ற வித்தைகளை ஆர்டபிள்யூவில் காட்ட வேண்டாம்.

மூன்றாவது தவறு, கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் எல்லோரும் ஒருமுறை செய்ததுதான். பாட்டு சிடி ஒன்றைக் கணினியில் திறந்தால் சிடிஏ என்ற பின்னொட்டோடு கோப்புகள் வரிசையாகத் தெரியும். அவற்றை நகலெடுத்து ஆர்டபிள்யூவில் எழுதிவிடுவது. ஒவ்வொன்றும் 44 பைட் மட்டுமே உள்ள சுட்டிக் கோப்பு. அதில் பாட்டு இல்லை. முதலில் பாட்டுகளை வட்டிலிருந்து ஒலிக்கோப்பாக உருவி எடுக்க வேண்டும், அதன் பிறகே எழுத வேண்டும்.

நான்காவது, வட்டை மூடாமல் விடுவது. பாட்டுகளை எழுதி முடித்ததும் வட்டின் தொடக்கத்தில் எந்தப் பாட்டு எங்கே என்ற பொருளடக்கத்தையும், கடைசியில் 'இத்தோடு முடிந்தது' என்ற வால் பகுதியையும் எழுதினால்தான் சாதாரணப் பிளேயருக்கு அது முழு வட்டு. மென்பொருளில் 'ஃபைனலைஸ்' அல்லது 'வட்டை மூடு' என்று இருப்பது இதற்குத்தான். பின்னால் இன்னும் சேர்க்கலாமே என்று அந்தக் குறியை எடுத்துவிடுவார்கள். சிடி எழுதும் டிரைவ்கள் மட்டும் தற்காலிகக் குறிப்பை வைத்து அதைப் படிக்கும். காருக்குப் பொருளடக்கமே இல்லாத புத்தகம். நல்ல செய்தி என்னவென்றால், இதற்காக அழித்து மறுபடி எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதே மென்பொருளில் வட்டைப் போட்டு மூடச் சொன்னால் சில நிமிடங்களில் மூடிவிடும்.

## அறிகுறி: பின்னால் சேர்த்த பாட்டுகள் மட்டும் தெரியவில்லை

ஒவ்வொரு முறை சேர்த்து எழுதும்போதும் வட்டில் ஒரு புதிய செஷன் உருவாகிறது. ஆடியோ சிடி பிளேயர் முதல் செஷனைத் தாண்டிப் பார்ப்பதில்லை. எம்பி3 பிளேயர்களில் சில கடைசி செஷனையும் பார்க்கும், சில பார்க்காது. ஆர்டபிள்யூ கையில் இருக்கும்போது சேர்த்து எழுதுவதற்கே அவசியமில்லை. பாட்டுப் பட்டியலைக் கணினியில் வைத்துக்கொண்டு, அழித்துவிட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுங்கள்.

## அறிகுறி: முன்பு பாடிய வட்டு இப்போது பாடவில்லை

இதில் இரண்டு வேறு கதைகள் உள்ளன.

முதல் கதை: அதே வட்டில் புதிய பாட்டுகளை எழுதினீர்கள், அதிலிருந்து பாடவில்லை. பெரும்பாலும் 'விரைவு அழிப்பு' செய்திருப்பீர்கள். அது பொருளடக்கத்தை மட்டும் அழிக்கும். பழைய எழுத்து அடியில் அப்படியே இருக்கும், புதியது அதன் மேல் எழுதப்படும். நல்ல வட்டில் இதனால் ஒன்றும் ஆகாது. நாட்பட்ட வட்டில், அல்லது முன்பு வேறு முறையில் வடிவமைத்த வட்டில், தடங்கல் வரலாம். முழு அழிப்பு செய்துவிட்டு எழுதிப் பாருங்கள். 80 நிமிட வட்டை, பாடும் வேகத்தைப்போல 4 மடங்கு வேகத்தில் முழுவதும் அழிக்க இருபது நிமிடம் போல ஆகும். ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஆயிரம் முறை வரை அழித்து எழுதலாம் என்பார்கள். சுத்தமாக வைத்திருந்தால் உண்மையாக இருக்கலாம். என் அனுபவத்தில் ஆர்டபிள்யூ அழித்தழித்துச் சாவதைவிட, உறையில்லாமல் இருக்கையில் கிடந்து கீறலில் சாவதுதான் அதிகம்.

இரண்டாவது கதை கொஞ்சம் கவலைப்பட வேண்டியது. வட்டில் எதையும் மாற்றவில்லை, போன வருடம் பாடியது, இப்போது பிளேயர் மறுக்கிறது. மற்ற பிளேயர்களில் பாடுகிறது. அச்சு வட்டுகள் இன்னும் இதில் பாடுகின்றன. லென்ஸில் தூசி படியத் தொடங்கினாலோ லேசருக்கு வயதானாலோ முதலில் அடிபடுவது ஆர்டபிள்யூதான். ஏற்கெனவே மங்கலாக வரும் ஒளி இன்னும் மங்கினால் பிளேயர் கைவிட்டுவிடும். பிறகு சிடி-ஆர், கடைசியாக அச்சு வட்டு என்று ஒவ்வொன்றாகப் போகும். ஆகவே இதை வட்டின் குறை என்று தள்ளாமல், பிளேயர் கொடுக்கும் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கையடக்கப் பிளேயரில் மூடியைத் திறந்தால் லென்ஸ் கண்ணுக்கு முன்னால் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முதலில் ரப்பர் பந்து ஊதியால் காற்றடியுங்கள். அதற்கும் போகாத கறை என்றால், பஞ்சு நுனியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, ஈரம் சொட்டாத அளவில், பூ மேல் வைப்பதுபோல மெல்லத் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய சுருள்களில் தொங்குகிறது. அழுத்தினால் கதை முடிந்தது. மூடிக்குரிய சுவிட்சை ஏமாற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்; அந்த லேசர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கார் பிளேயரில் கை நுழையாது. தூரிகை வைத்த துப்புரவு வட்டு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் திறந்து பார்ப்பது பழுது பார்ப்பவரின் வேலை.

## அறிகுறி: பாடுகிறது, ஆனால் குதிக்கிறது

எங்கே குதிக்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வட்டு உள்ளிருந்து வெளியே பாடிக்கொண்டு போகும். முதல் பாட்டுகள் மையத்துக்கு அருகில், கடைசிப் பாட்டுகள் விளிம்பில். எப்போதும் கடைசிப் பாட்டுகளில்தான் குதிக்கிறது என்றால் விளிம்பில் விரல் ரேகை, கீறல், அல்லது வட்டு வளைந்திருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரில் கிடந்த வட்டைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். விளிம்பு தூக்கினால் வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த முயல வேண்டாம். இப்படிப்பட்ட பிளேயருக்கு எழுதும்போது நான் 80 நிமிடத்தையும் நிரப்புவதில்லை, எழுபதில் நிறுத்திக்கொள்வேன். கை படும் விளிம்பு காலியாகவே இருக்கும்.

ஒரே பாட்டில் ஒரே இடத்தில் குதித்தால் அங்கே கீறலோ கறையோ இருக்கிறது. மென்மையான துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். அதைத் திருத்துவது பிளேயருக்குக் கடினம். குறுக்காக விழும் கீறலைப் பிழைத்திருத்தக் குறியீடு சமாளித்துவிடும். அடிப்பக்கத்தை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு மேல்பக்கத்தை அலட்சியம் செய்பவர்கள் பலர். உண்மையில் மேல்பக்கம்தான் மெலிது. அடியில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காவலாக இருக்கிறது. மேலே ஒரு மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. கூர்மையான பேனாவால் அங்கே எழுதினால் தரவையே கீறுகிறீர்கள்.

எங்கே என்று சொல்ல முடியாதபடி அங்கங்கே குதித்தால் அதிர்வையோ ஈரத்தையோ பாருங்கள். குளிர்ந்த காலையில் காரைக் கிளப்பி ஹீட்டரைப் போட்டதும் லென்ஸில் பனி படியும். பத்து இருபது நிமிடம் பொறுத்தால் தானாகச் சரியாகும். நின்ற காரில் சரியாகப் பாடி, ஓடும்போது மட்டும் குதித்தால் சாலையின் குலுக்கல். அச்சு வட்டு தாங்குகிற குலுக்கலை ஆர்டபிள்யூ தாங்காது. மங்கலான சமிக்ஞையில் தடத்தைப் பிடித்துக்கொண்டு போவதே பெரிய பாடு. ஒருமுறை நழுவினால் மீண்டு வருவது அதைவிடக் கடினம்.

கையடக்கப் பிளேயரில் இதற்கென்றே குதிப்புத் தடுப்பு என்று ஒரு வசதி உண்டு. வட்டைத் தேவையைவிட வேகமாகச் சுற்றி, சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் சேர்த்துவைக்கும். இங்கே ஒரு முரண்: ஆர்டபிள்யூவில் சில சமயம் அந்த வேகமான வாசிப்பே தாங்காமல் போகும். மேசையில் வைத்துக் கேட்கும்போது தடுப்பை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சீராகப் பாடினால் காரணம் அதுதான்.

பேட்டரியையும் பாருங்கள். 1.5 வோல்ட் செல் இரண்டு கேட்கும் பிளேயரில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் இரண்டைப் போட்டால் 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4 தான். பல பிளேயர்கள் இதற்குத் தயாராகவே வரும். தயாராக இல்லாதது அச்சு வட்டைப் பாடிவிட்டு ஆர்டபிள்யூவில் திணறும். புது செல் போட்டோ மின்னிணைப்பில் செருகியோ ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

## அறிகுறி: எம்பி3 வட்டு பாடுகிறது, வரிசையும் பெயரும் தாறுமாறு

தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் திரையில் கட்டங்களோ அடிக்கோடுகளோ தெரியும். கார் பிளேயர்களின் திரையில் தமிழ் எழுத்துரு இருப்பது அபூர்வம். நம் மொழிக்கு அங்கே இடமில்லையே என்று கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் வட்டுக்கு எழுதும் நகலில் மட்டும் ஆங்கில எழுத்துகளில் சின்னப் பெயராக வையுங்கள். சில பழைய பிளேயர்கள் தமிழ்ப் பெயர் உள்ள கோப்பைக் காட்டாமலே தாண்டிவிடும்.

வரிசை குழம்பினால் பெயருக்கு முன்னால் எண் சேர்க்க வேண்டும். 1, 2, 3 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 பாடும். 01, 02 என்று இரண்டு இலக்கமாகப் போடுங்கள்.

குறிப்பிட்ட சில பாட்டுகள் மட்டும் தாண்டிப்போனால் அவற்றின் தன்மையைப் பாருங்கள். பிட் வீதம் (ஒரு விநாடி ஒலிக்கு ஆகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே போகும் கோப்புகளில் நேரம் தப்பாகக் காட்டுவதும், பழைய பிளேயர்கள் திணறுவதும் உண்டு. பாட்டோடு பெரிய அட்டைப்படத்தைப் பொதிந்து வைத்திருந்தால் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் தயக்கம் தெரியும், படத்தை நீக்கிவிடலாம். பாதுகாப்புப் பூட்டு போட்ட டபிள்யூஎம்ஏ (விண்டோஸின் ஒலிக்கோப்பு வகை) கோப்புகள் வட்டில் ஏறினாலும் பாடாது. வட்டில் இத்தனை கோப்பு, இத்தனை கோப்புறை என்று பிளேயருக்கு ஒரு வரம்பு இருக்கும், 255 கோப்பு என்பது அடிக்கடி காணும் எண். கோப்புறைக்குள் கோப்புறை என்று ஆழமாகப் போகாமல் ஒரே அடுக்கில் வைத்தால் வட்டைப் போட்டதும் பாடத் தொடங்கும் நேரமும் குறையும்.

## அறிகுறி: பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி, 'டிக்' சத்தம்

'ட்ராக் அட் ஒன்ஸ்' முறையில் எழுதினால் ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு லேசர் நின்று மறுபடி தொடங்கும். இரண்டு விநாடி மௌனமும், சில பிளேயர்களில் ஒரு டிக்கும் வரும். 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்று மாற்றி எழுதுங்கள். இந்த முறையில் வட்டு தானாகவே மூடப்பட்டும் விடும். ஆடியோ சிடிக்கு எப்போதும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: கணினியே வட்டில் எழுத மறுக்கிறது

வெற்று ஆர்டபிள்யூவைப் போட்டும் வட்டைப் போடு என்றே கேட்டுக்கொண்டிருந்தால், டிரைவும் வட்டும் வேறு வேறு தலைமுறை. முதலில் வந்த ஆர்டபிள்யூக்கள் 4 மடங்கு வேகம் வரை. பிறகு 'ஹை ஸ்பீட்' வந்தது, 4 முதல் 12 மடங்கு வரை. அதற்கும் பிறகு 24 மடங்குக்கு 'அல்ட்ரா ஸ்பீட்'. பழைய டிரைவால் தனக்குப் பிந்தைய வகையில் எழுத முடியாது, மெதுவாகக்கூட. படிப்பதற்கு இந்தத் தடை இல்லை; ஆகவே கார் பிளேயருக்காக எந்த வகை வாங்குவது என்று குழம்ப வேண்டாம், உங்கள் டிரைவ் எழுதுவதை வாங்குங்கள். 'மியூசிக்' என்று தனியாகப் போட்டு விற்கும் ஆர்டபிள்யூ, கணினி இல்லாமல் நேரடியாகப் பதியும் ஆடியோ ரெக்கார்டர்களுக்கானது. கணினியில் எழுதுவதற்கு அதனால் எந்த லாபமும் இல்லை, காரில் கூடுதலாகப் பாடுவதும் இல்லை.

## அறிகுறி: உள்ளே போன வட்டு வெளியே வரவில்லை

வட்டின் மேல் காகிதப் பட்டை ஒட்டியிருந்தால் பாட்டுப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை இது. காரின் சூட்டில் பசை இளகி, பட்டை ஓரம் தூக்கி, வட்டை விழுங்கும் உருளைகளில் சிக்கிக்கொள்ளும். 8 சென்டிமீட்டர் சின்ன வட்டும் இப்படித்தான் உள்ளே மாட்டும். கத்தி, திருப்புளி எதையும் விட்டுக் குடையாதீர்கள். வண்டியை அணைத்து, சற்று ஆறவிட்டு, மறுபடி போட்டு வெளியேற்றும் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல பெட்டிகளில் இதற்கென்று ஒரு வழி கையேட்டில் கொடுத்திருப்பார்கள். வெளியே வந்ததும் பட்டையைப் பிய்க்காதீர்கள், அதோடு பூச்சும் உரிந்து வந்துவிடும். அந்த வட்டைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, அடுத்ததன் மேல் மென்முனை மார்க்கரால் பெயர் எழுதுங்கள்.